பெட்டி முப்பத்தொன்று

நூலகத்தின் நிலவறையில்
என் பொறுப்பில் விட்டவை அறுபத்திரண்டு பெட்டிகள்.
எல்ஸ்பெத் ராங்கின், சமூகவியலாளர்,
பிற்பாடு பதினோரு ஆண்டு துணைவேந்தர்.
நம் மொழியில் அந்தப் பதவியைச் சொன்னால்
யாரோ ஓர் அரசனுக்குக் குடை பிடிப்பவர் போலிருக்கிறது.
டண்டீக்கு வேந்தர் வருவது ஆண்டுக்கொருமுறை.
மீதி நாளெல்லாம் கூரை ஒழுகுவதும்
வரவுசெலவில் துண்டு விழுவதும்
துணையின் பாடு.

அம்மா சணல் ஆலையில் நெசவு.
தறிச் சத்தத்தில் காது போய்
வீட்டிலும் வெறும் உதட்டசைவில்தான் பேச்சாம்.
"பார்த்துக் கேட்கப் பழகினேன்,
பட்டம் வாங்கியதெல்லாம் அப்புறம்"
என்று ஓர் ஒலிநாடாவில் சிரிக்கிறார்.
சிரிப்பின் முடிவில் இருமல்.
அதையும் குறித்துவைத்தேன்.

அவர் ஆராய்ந்தது வரிசைகளை.
ஆம், கியூ. வேறொன்றுமில்லை.
வேலையில்லாதோர் அலுவலக வாசலில்,
தபால் நிலையத்தில், பல் மருத்துவரின் படிக்கட்டில்,
டே நதியின் காற்று முகத்தில் அறைய
கையில் கடிகாரத்தோடு நின்றிருக்கிறார்.
யார் சப்பாத்தைப் பார்த்தபடி நகர்கிறார்,
யார் பின்னால் நிற்பவருக்கு வழி விடுகிறார்,
யாருக்காகக் கதவு முன்னதாகவே திறக்கிறது.
ஏழையிடம் அரசு முதலில் வசூலிப்பது நேரத்தை
என்று முடிகிறது முதல் நூல்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
வரிக்கும் வரிசைக்கும் இடையே
ஓரெழுத்துத்தான் என்று தெரிந்திருந்தால்
தலைப்பே வேறாகியிருக்கும்.

எனக்கு இதொன்றும் புதிதல்ல.
எழுபத்து மூன்றில் பாணுக்காக
விடியப்புறம் மூன்று மணிக்குச்
சங்கக்கடை வாசலில் செங்கல் வைத்து இடம் பிடித்தவன்.
அந்த வரிசையில் செங்கலுக்கும் மரியாதை இருந்தது.
அவர் நூலில் செங்கல் இல்லை.
அது ஒரு குறைதான்.

எண்பத்தாறு, பெப்ரவரி.
காவல் நிலையம், வெளிநாட்டவர் பதிவு.
"பன்னிரண்டாம் ஆள். பழுப்பு மேலங்கி, அளவு பெரிது.
ஐம்பது நிமிடமாக ஒரே பக்கத்தைப் படிக்கிறான்."
நானாக இருக்கலாம்.
அந்தக் குளிரில் இரவல் மேலங்கி
எத்தனை பேர் தோளில் தொங்கியதோ.

பெட்டி முப்பத்தொன்றில் நிர்வாகக் கோப்புகள்.
மொழித்துறை மூடல், நாற்பத்தொரு பணியிடம்.
நாற்பத்தொரு கடிதத்திலும் அவரே கையெழுத்திட்டிருக்கிறார்,
முத்திரை வைக்க யாரையும் விடவில்லை.
நடுவே, பழைய குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்:
"என் அறை வாசல். கதவுக் கண்ணாடி வழியே.
பதினேழு பேர். சராசரி நாற்பத்திரண்டு நிமிடம்.
ஒருவரோடொருவர் பேசவில்லை.
கடைசி ஆள் ஒன்பதாம் நிமிடத்தில் போய்விட்டார்,
தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி
யாரிடமும் சொல்லாமல்."
எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.
எனக்கு உறுத்தியது அதுதான்.

நிர்வாகமா, களப்பணியா?
பட்டியலில் இரண்டே கட்டம்.
மூன்று நாள் தாள் என் மேசையிலேயே கிடந்தது.

வியாழனன்று அவரே வந்தார்.
ஊன்றுகோல், நனைந்த தொப்பி.
முகப்பிலிருந்த பெண்ணுக்கு ஆள் தெரியவில்லை,
படிவத்தை நீட்டினாள்.
பெட்டி எண்ணை நிரப்பினார்.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார்.
முன்னால் நான்கு பேர்.
நாற்காலி இருந்தது. நின்றார்.
ஒரு மாணவன் தன் இடத்தைத் தர எழுந்தபோது
உதட்டை மட்டும் அசைத்தார்:
வேண்டாம்.

நான் கண்ணாடிக்கு இப்புறம்.
தாளைத் திரும்ப உள்ளே வைத்த பெட்டி
என் கையில் தயாராக.
கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.
சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.
பேனாவை எடுத்தேன்.